நாலு பிரமோஷனும் ஓர் உண்ணாவிரதமும்

பிரமோஷன் வந்தால் சம்பளம் கூடும், நாற்காலி சுழலும், மாமியார் வீட்டுக் காபி திக்காகும். உலக வழக்கம் இதுதான். இதற்குக் கட்டுப்படாத ஒரே ஜீவன் நியூயார்க் டாக்சி டிரைவர். நூறு வருஷத்துக்கும் மேலாக அவருக்குப் பிரமோஷன் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அவருடைய பர்ஸ் இன்னும் கொஞ்சம் இளைக்கிறது. முதலில் கேடட் ஆக்கினார்கள். பிறகு சுதந்திரத் தொழிலதிபர். அப்புறம் முதலீட்டாளர். கடைசியில் பார்ட்னர். இத்தனை பதவிகளும் வகித்த பெரிய மனிதர் 2021இல் சிட்டி ஹால் வாசலில் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்தார். எப்படி என்று பார்ப்போம்.

பிரமோஷன் 1: கேடட்

1907. ஹாரி ஆலன் என்ற முப்பது வயது இளைஞர் மன்ஹாட்டனில் குதிரை வண்டியில் ஏறினார். போன தூரம் முக்கால் மைல். வண்டிக்காரர் கேட்டது ஐந்து டாலர். அன்றைக்கு ஒரு தொழிலாளி ஐந்து டாலர் பார்க்க இரண்டு மூன்று நாள் உழைக்க வேண்டும்.

நாமாக இருந்தால் நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்போம், முனகிக்கொண்டே பணத்தைக் கொடுப்போம், பிறகு வருகிற போகிற உறவினர்களிடமெல்லாம் ஒரு வருஷத்துக்கு அதையே சொல்லுவோம். ஆலன் வசதியான வீட்டுப் பிள்ளை. கோபத்தைக்கூடப் பெரிய பட்ஜெட்டில் படுகிறவர். நேரே பிரான்ஸுக்குக் கப்பல் ஏறினார். அங்கிருந்து 65 டாரக் கார்களை இறக்குமதி செய்தார். எல்லாவற்றிலும் மீட்டர். ஒரு குதிரை வண்டிக்காரரைப் பழிவாங்க ஒரு தொழிலையே தொடங்கிய மனிதர் சரித்திரத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அக்டோபர் 1 அன்று புத்தம் புது டாக்சிகள் ஐந்தாவது அவென்யூவில் ஊர்வலம் போயின. அதே நாளில்தான் பிளாசா ஹோட்டலும் திறப்புவிழா கண்டது. வாசலில் பெரிய மனிதர்கள், வரிசையில் டாக்சிகள். டிரைவர்களுக்கு வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி மாணவர்கள் போடுவது மாதிரி யூனிஃபாரம். பித்தளைப் பொத்தான், விறைப்பான கழுத்து, மரியாதையான பேச்சு. நேற்றுவரை வண்டிக்காரன், இன்று முதல் கேடட். ஊரே வாயைப் பிளந்தது.

பில் பிறகு வந்தது. கேடட்டுகள் போட்டிருந்த அந்த யூனிஃபாரத்துக்குக் கேடட்டுகளே காசு கட்ட வேண்டுமாம். பெட்ரோலுக்கும் அவர்களே. காரின் பித்தளையைத் தேய்க்கிற பாலிஷுக்கும் அவர்களே. கார் பளபளப்பது கம்பெனிக்குப் பெருமை, பளபளப்புக்கான செலவு டிரைவருக்கு. இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவருக்கு ஏதாவது பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்திருக்கலாம். அதற்குப் பிறகு நூறு வருஷமாக அந்தத் தொழில் அதே கணக்கில்தான் ஓடுகிறது.

1908 அக்டோபரில், டாக்சி பிறந்து ஒரு வருஷத்தில், முதல் பெரிய ஸ்ட்ரைக். பெட்ரோல் செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும், நாள் சம்பளம் நிலையாக இருக்க வேண்டும். கேட்டது இவ்வளவுதான். கல் பறந்தது, கார் எரிந்தது, கம்பெனி மசியவில்லை. சில வாரங்களில் கேடட்டுகள் மறுபடி பித்தளை தேய்க்கப் போனார்கள்.

இடைவேளை: சொந்தக்காரன் இல்லாத ஐந்து சென்ட்

1929இல் பங்குச்சந்தை கவிழ்ந்தது. வேலை போனவர்களெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்தார்கள். டாக்சி பெருகிற்று, அதில் ஏறக் காசு இருந்தவர்கள் குறைந்தார்கள். மூன்று டாக்சி ஒரு பயணியைத் துரத்துகிற காலம்.

ஊரை ஆண்டவர் ஜிம்மி வாக்கர். பாட்டெழுதிக்கொண்டிருந்தவர் மேயரானார். மேயரான பிறகும் பகலில் அவரைப் பார்ப்பது அபூர்வம், இரவு விடுதிகளில் பார்ப்பது சுலபம். டாக்சித் தொழிலை ஒழுங்குபடுத்துவதில் அவர் மிகுந்த அக்கறை காட்டினார். ஏன் இவ்வளவு அக்கறை என்று நீதிபதி சீபரி தோண்டிப் பார்த்ததில், டாக்சிக் கம்பெனியில் பங்கு வைத்திருந்த ஒரு நிதிப் புள்ளி மேயருக்கு 26,000 டாலர் மதிப்புள்ள பத்திரங்களை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தது தெரியவந்தது. 1932 செப்டம்பரில் வாக்கர் ராஜினாமா செய்துவிட்டு ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். நியூயார்க் டாக்சி சரித்திரத்தில் யாராவது ஒருவர் கப்பல் ஏறிக்கொண்டே இருப்பார். டிரைவர் மட்டும் ஊரிலேயே இருப்பார்.

1933இல் ஒவ்வொரு சவாரிக்கும் ஐந்து சென்ட் வரி போட்டார்கள். இந்த வரி செல்லாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. அதற்குள் வசூலான காசு குவிந்து கிடந்தது. பயணிகளுக்குத் திருப்பித் தரலாம் என்றால், போன வருஷம் மழைநாளில் ஏறி இறங்கிய ஆளை எங்கே போய்த் தேடுவது? முதலாளிகள், ‘கார் எங்களுடையது, ஆகவே காசும் எங்களுடையது’ என்றார்கள். டிரைவர்கள், ‘கை நீட்டி வாங்கியது நாங்கள்’ என்றார்கள். நாற்காலியில் அமர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத புது மேயர் லா கார்டியா பங்கு பிரித்துவைக்கப் பார்த்தார். பாகப்பிரிவினைக்குப் போனவருக்கு என்ன கிடைக்குமோ அதுவே அவருக்கும் கிடைத்தது: இரண்டு பக்கத்துத் திட்டும்.

1934 பிப்ரவரியில் ஸ்ட்ரைக் வெடித்தது. மீறி ஓடிய டாக்சிகளை மறித்தார்கள், கதவைப் பிய்த்தார்கள், கவிழ்த்தார்கள். அடுத்த மாதம் மறுபடி ஒரு ரவுண்டு. தங்கள் சொல்கேட்டு நடக்கிற ஒரு சங்கத்தை முதலாளிகளே ஆரம்பித்து வைத்திருந்தார்கள், டிரைவர்கள் தங்களுக்கென்று ஒன்று வேண்டும் என்றார்கள். சண்டை அதுதான்.

இந்த ஸ்ட்ரைக்கால் நிச்சயமாக லாபம் அடைந்தவர் ஒருவர் உண்டு. அவர் டிரைவர் அல்ல, நாடக ஆசிரியர். கிளிஃபர்ட் ஓடெட்ஸ் இதை வைத்து ‘வெயிட்டிங் ஃபார் லெஃப்டி’ எழுதினார். 1935இல் அரங்கேறியது. நடிகர்கள் பார்வையாளர்களுக்கு நடுவிலும் உட்கார்ந்திருந்தார்கள். கடைசிக் காட்சியில் மேடையிலிருந்து ஸ்ட்ரைக் கோஷம் கிளம்ப, டிக்கெட் வாங்கி வந்த ஜனமும் எழுந்து நின்று கூடவே கத்தியது. ஓடெட்ஸ் பிறகு ஹாலிவுட்டுக்குப் போனார். டிரைவர்கள் கராஜுக்குப் போனார்கள்.

1937இல் ஹாஸ் சட்டம் வந்தது. இனிமேல் ஊரில் இத்தனை டாக்சிதான் என்று எண்ணிக்கைக்குப் பூட்டுப் போட்டார்கள். காலப்போக்கில் அந்த எண்ணிக்கை 11,787இல் வந்து நின்றது. 1996 வரைக்கும் அசையவில்லை. நடுவில் மனிதன் நிலாவுக்கே போய்த் திரும்பினான், டாக்சி மட்டும் 11,787.

அனுமதிக்கு அடையாளமாக காரின் பானெட்டில் ஒரு தகரத் தகடு. பெயர் மெடாலியன். கட்டணம் 10 டாலர். நகராட்சி அப்போது கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு: எண்ணிக்கைக்குப் பூட்டுப் போட்ட அன்றே அந்தத் தகரத்துக்கு விலை முளைத்துவிட்டது. 1947இல் 2,500 டாலர். 1980களில் ஒரு லட்சம் டாலர். கார் பழசாகிக் காயலான் கடைக்குப் போகும், டிரைவர் வயசாகி வீட்டுக்குப் போவார், தகரத்துக்கு மட்டும் வருஷா வருஷம் இளமை திரும்பும்.

பிரமோஷன் 2: சுதந்திரத் தொழிலதிபர்

1960களின் நடுவில் டிரைவர்களுக்கு ஒரு நல்ல காலம் வந்தது. எலக்ட்ரீஷியன் சங்கத்தை நடத்திக்கொண்டிருந்த ஹாரி வான் ஆர்ஸ்டேல் டாக்சிப் பக்கமும் திரும்பினார். லோக்கல் 3036 என்ற சங்கம் உருவானது. மீட்டரில் ஓடியதில் கமிஷன், லீவு, ஓய்வூதியம். மனிதனாக மதிக்கப்பட்டால் எப்படி இருக்கும் என்று டிரைவர்கள் கொஞ்ச காலம் ருசி பார்த்தார்கள்.

இது நீடித்தால் நன்றாக இருக்காது என்று யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும். 1979இல் டாக்சி ஆணையம் லீஸ் முறையை அனுமதித்தது. இனி டிரைவர் கம்பெனியின் ஊழியர் அல்ல. 12 மணி நேரத்துக்குக் காரை வாடகைக்கு எடுக்கும் சுதந்திர ஒப்பந்தக்காரர். தனக்குத் தானே முதலாளி. வாழ்த்துகள்!

இந்த முதலாளியின் ஒரு நாளைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். விடிவதற்கு முன்னால் குயின்ஸில் உள்ள கராஜுக்கு வருகிறார். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் டிஸ்பாட்சர். லீஸ் பணத்தை எண்ணி உள்ளே தள்ள வேண்டும். அதோடு சில டாலர்களை ‘மறந்து’ சேர்த்துத் தள்ளினால் பிரேக் உள்ள கார் கிடைக்கும். தள்ளாவிட்டால் சாவி வருவதற்கு வெயில் ஏறிவிடும். கராஜை விட்டுக் கிளம்பும்போதே முதலாளி கடனாளி. பெட்ரோலும் அவரே போட வேண்டும், ஷிஃப்ட் முடிந்து திருப்பிக் கொடுக்கும்போது டாங்க் நிறைந்திருக்க வேண்டும். பாதி நாள் ஓடினால் லீஸும் பெட்ரோலும் கழியும், மீதிப் பாதியில் ஓடுவதுதான் வீட்டுக்கு. மழை பெய்தால் பண்டிகை, சவாரி இல்லாவிட்டால் ஏகாதசி.

ஒன்றுக்கு வந்தால்? மன்ஹாட்டனில் டாக்சியை நிறுத்திவிட்டு இறங்கினால் திரும்பி வரும்போது கண்ணாடியில் அபராதச் சீட்டு சிரிக்கும். ஆகவே பல முதலாளிகள் சீட்டுக்கு அடியில் ஒரு பாட்டில் வைத்திருந்தார்கள். தனக்குத் தானே முதலாளி என்றால் டாய்லெட்டையும் தானே கொண்டுவர வேண்டும் அல்லவா?

சட்டம் இன்னொரு வேடிக்கையும் செய்தது. ஊழியர் என்றால் சங்கம் வைத்து ஒப்பந்தம் பேசும் உரிமை உண்டு. ஒப்பந்தக்காரர் என்றால் கிடையாது. நாலு ஒப்பந்தக்காரர்கள் கூடி ரேட்டைப் பற்றிப் பேசினால், வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து விலை ஏற்றுகிறார்கள் என்று வழக்கே போடலாம். பாட்டிலோடு சுற்றுகிற மனிதரை ராக்பெல்லருக்குச் சமமாக நடத்திய பெருமை அமெரிக்கச் சட்டத்துக்கு உண்டு. நாளடைவில் கராஜில் வெள்ளைக்கார டிரைவர்கள் குறைந்தார்கள். பஞ்சாப், லாகூர், டாக்கா, ஹெய்ட்டி என்று புதுப் புது முதலாளிகள் வந்து சேர்ந்தார்கள்.

பொக்ரானும் குயின்ஸும்

1998. மேயர் ரூடி ஜூலியானி ஊரைத் திருத்திக்கொண்டிருந்தார். சிக்னலில் கார்க் கண்ணாடி துடைத்தவர்களைத் திருத்தியாகிவிட்டது. குறுக்கே ரோட்டைக் கடப்பவர்களுக்குத் தடுப்பு வைத்தாகிவிட்டது. அடுத்து யார் என்று பார்த்தபோது மஞ்சளாக ஏதோ கண்ணில் பட்டது. டாக்சிக்காரர்களுக்கு 17 புது விதிகள் தயாராயின. அபராதம் ஏற்றம், புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் காலி, போதைப் பரிசோதனை, கூடுதல் இன்ஷூரன்ஸ்.

அந்த வருஷத் தொடக்கத்தில்தான் நியூயார்க் டாக்சி தொழிலாளர் கூட்டமைப்பு பிறந்திருந்தது. சட்டப்படி சங்கம் வைக்க முடியாதவர்களின் சங்கம். அதை நடத்தியவர் பைரவி தேசாய். குஜராத்தில் பிறந்து, ஆறு வயதில் அமெரிக்கா வந்து, நியூஜெர்சியில் வளர்ந்து, ரட்கர்ஸில் பெண்ணியல் படித்தவர். இருபதுகளில் இருந்தார். டாக்சி ஓட்டியதே இல்லை. மீசை வைத்த பல்லாயிரம் ஆண்களுக்கு ஒரு சின்னப் பெண் தலைவி என்றால் நம் ஊர்ப் பெரியவர்கள் ஜாதகம் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். டிரைவர்கள் அவர் பேச்சைக் கேட்டார்கள். ஏனென்றால் ஏர்போர்ட் பார்க்கிங்கிலும் ரொட்டிக் கடை வாசலிலும் விடியற்காலையில் நின்று அவர்கள் பேச்சைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

வாட்ஸ்அப் இல்லாத காலம். டிரைவர்கள் கையில் இருந்தது சிபி ரேடியோ. எந்த மூலையில் போலீஸ் நிற்கிறது, ஏர்போர்ட்டில் வரிசை எவ்வளவு நீளம், யாருடைய மச்சானுக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று பஞ்சாபியிலும் உருதுவிலும் வங்காளியிலும் ராத்திரி பூராவும் அலை ஓடும். அதில் ஒரு நாள் புதுச் செய்தி ஓடியது: மே 13, வண்டி எடுக்காதே. இன்னொரு டிரைவர் சங்கமும் கைகோத்தது.

தேதியைக் கவனியுங்கள். மே 11 அன்று இந்தியா பொக்ரானில் மூன்று அணுகுண்டுகளை வெடித்தது. மே 13 அன்று இன்னும் இரண்டு. டெல்லியில் இனிப்பு கொடுத்தார்கள், இஸ்லாமாபாத்தில் பல்லைக் கடித்தார்கள். துணைக்கண்டத்தில் யுத்தம் வருமா என்று உலகமே கையைப் பிசைந்துகொண்டிருந்த அந்த நாளில், நியூயார்க்கில் இந்திய டிரைவரும் பாகிஸ்தான் டிரைவரும் ஒரே மேஜையில் டீ குடித்துக்கொண்டு ஜூலியானியை ஒரே மொழியில் திட்டிக்கொண்டிருந்தார்கள். பேச்சுவார்த்தை மேஜையில் பல பிரதமர்கள் சாதிக்காததை 17 விதிகளில் சாதித்துக்காட்டினார் ஒரு மேயர். அந்த வருஷ அமைதி நோபல் பரிசுக்கு அவர் பெயரை யாரும் சிபாரிசு செய்யவில்லை என்பது அநியாயம்.

சுமார் 24,000 டிரைவர்களில் மிகப் பெரும்பாலோர் அன்று வண்டியைத் தொடவில்லை. மன்ஹாட்டனில் மஞ்சளே இல்லை. கையைத் தூக்கியபடி நின்ற கோட்டு சூட்டுக்காரர்கள் கையை இறக்கிக்கொண்டு நடந்தார்கள். பாதாள ரயில் என்று ஒன்று இருப்பதைப் பலர் அன்றுதான் தெரிந்துகொண்டார்கள். மறுவாரம் ஊர்வலம் போகக் கிளம்பியபோது போலீஸ் பாலத்திலேயே மறித்தது. பயணி இல்லாத மஞ்சள் டாக்சி மன்ஹாட்டனுக்குள் வரக் கூடாதாம். பயணியை ஏற்றுவதற்காக மன்ஹாட்டனுக்குப் போகிறவரிடம் பயணியோடு வா என்றால் அவர் மனைவியையா பின்சீட்டில் உட்கார்த்திக் கூட்டிவருவார்?

விதிகளில் பெரும்பாலானவை நிறைவேறத்தான் செய்தன. ஆனால் ஜூலியானி தன்னையறியாமல் ஒரு காரியம் செய்திருந்தார். நாங்கள் முதலாளிகள் அல்ல, ஒரே பாட்டிலில் மாட்டிக்கொண்டவர்கள் என்று அந்த 24,000 பேருக்கும் ஒரே நாளில் புரியவைத்துவிட்டார். அடுத்த வெற்றி 2004இல் வந்தது. கட்டணம் 26 சதவீதம் ஏறியது, அதில் டிரைவருக்கும் பங்கு. 2011இல் அமெரிக்காவின் தொழிற்சங்கக் கூட்டமைப்பான ஏஎஃப்எல்-சிஐஓ, தொழிலாளிகளே அல்ல என்று சட்டம் சொன்ன இந்த டிரைவர்களுக்குத் தேசிய அளவில் அங்கீகாரம் கொடுத்தது. பைரவி தேசாய்தான் அதற்கும் தலைமை.

பிரமோஷன் 3: முதலீட்டாளர்

நடுவில் இன்னொரு நாடகம் நடந்துகொண்டிருந்தது. அந்தப் பழைய தகரம் ஞாபகம் இருக்கிறதா? 2002இல் அதன் விலை சுமார் 2 லட்சம் டாலர். 2014இல் 10 லட்சத்தைத் தாண்டியது. டிரைவரின் வருமானம் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது. டாக்சி சம்பாதிப்பது அதே காசு, டாக்சியின் மேல் ஒட்டிய தகரம் மட்டும் அஞ்சு மடங்கு. இதில் ஏதோ இடிக்கிறதே என்று ஐந்தாம் வகுப்புப் பையன் கேட்டிருப்பான். நகராட்சியில் ஐந்தாம் வகுப்புப் பையன்கள் யாரும் வேலையில் இல்லை.

இடித்ததைக் கேட்காதது மட்டுமல்ல, நகராட்சியே ஏலம் போட்டது. பங்குச்சந்தையைவிட இது மேல் என்கிற தோரணையில் விளம்பரம் செய்தது. விற்பனையிலும் வரியிலுமாக நகராட்சிக்கு வந்தது 85.5 கோடி டாலர் என்று பிறகு நியூயார்க் டைம்ஸ் கணக்குப் போட்டது. கடன் கொடுத்தவர்கள் முன்பணம்கூடக் கேட்காமல் அள்ளிக் கொடுத்தார்கள். வட்டி மட்டும் கட்டு, அசலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ‘டாக்சி ராஜா’ என்று பேர் வாங்கிய ஜீன் ஃப்ரீட்மன் ஏலத்தில் விலையை ஏற்றிவிட்டுத் தன் தகரங்களின் மதிப்பைத் தானே உயர்த்திக்கொண்டார். டிரம்பின் வக்கீலாக இருந்த மைக்கேல் கோஹன்கூட மெடாலியன்கள் வாங்கி வைத்திருந்தார் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

முதலீட்டாளர் ஆனவர்களில் சுமார் 4,000 பேர் டிரைவர்கள். டாக்காவிலும் லூதியானாவிலும் நிலம் விற்ற காசையும் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததையும் போட்டு, ஆங்கிலத்தில் நூறு பக்கம் அச்சடித்த பத்திரத்தில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்கள். ரிட்டயர் ஆகும்போது தகரத்தை விற்றுக்கொள்ளலாம் என்றார்கள். கவர்மென்ட்டே சொல்லும்போது யார் சந்தேகப்படுவார்கள்?

பிரமோஷன் 4: பார்ட்னர்

2011இல் உபர் வந்தது. தகரம் வேண்டாம், எண்ணிக்கைப் பூட்டு வேண்டாம், போன் போதும். டிரைவரைப் பார்த்து ‘பார்ட்னர்’ என்று வாய் நிறையக் கூப்பிட்டது. கார் பார்ட்னருடையது, பெட்ரோல் பார்ட்னருடையது, இன்ஷூரன்ஸ், டயர், முதுகுவலி எல்லாம் பார்ட்னருடையது. கமிஷன் மட்டும் கம்பெனியுடையது. 1908இல் கேடட்டுக்காவது கார் கம்பெனி வாங்கியது.

2015இல் மேயர் டி பிளாசியோ இந்த கார்களின் எண்ணிக்கைக்கு வரம்பு போடப் பார்த்தார். உபர் தன் செயலிக்குள்ளேயே அவர் பெயரில் ஒரு பட்டனை வைத்தது. அழுத்தினால் 25 நிமிஷம் காத்திரு என்று வரும். மேயர் சொன்னபடி நடந்தால் இதுதான் கதி என்று ஜனத்துக்குப் பாடம். மேயர் பின்வாங்கினார். 2018க்குள் செயலி கார்கள் சுமார் 80,000. மஞ்சள் டாக்சியோ பதின்மூவாயிரத்துச் சொச்சம். பத்து லட்சம் டாலர் தகரம் 2 லட்சத்துக்குக் கீழே விழுந்தது. கடன் மட்டும் விழவில்லை. 950 மெடாலியன் உரிமையாளர்களுக்கு மேல் திவால் மனு கொடுத்தார்கள்.

2017இல் உபர், கணக்கில் தவறு நேர்ந்து நியூயார்க் பார்ட்னர்களிடம் கமிஷனைக் கூடுதலாகப் பிடித்துவிட்டதாக ஒப்புக்கொண்டது. கம்ப்யூட்டர் செய்கிற தவறுகள் ஏனோ எப்போதும் கம்பெனிக்குச் சாதகமாகவே நிகழ்கின்றன. டாக்சிக் கூட்டமைப்பு விடவில்லை. கடைசியில் 2023இல் மாநில அட்டர்னி ஜெனரலோடு செய்துகொண்ட சமரசத்தில் உபரும் அதன் போட்டிக் கம்பெனியான லிஃப்டும் சேர்ந்து 32.8 கோடி டாலர் கட்ட ஒத்துக்கொண்டன.

2018இல் சிரிப்பு நின்றது. அந்த ஒரு வருஷத்தில் கடனும் வருமான வீழ்ச்சியும் நெரித்து டிரைவர்கள் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்டார்கள். ஒருவர் சிட்டி ஹாலுக்கு எதிரிலேயே உயிரை விட்டார். சக டிரைவர்கள் அங்கே கூடிப் பூ வைத்தார்கள், கோரிக்கையையும் வைத்தார்கள். அந்த ஆகஸ்டில் நகர மன்றம் செயலி கார்களின் எண்ணிக்கைக்கு வரம்பு போட்டது. அமெரிக்காவின் பெரிய நகரங்களில் இதுதான் முதல். செலவு போக மணிக்கு 17.22 டாலர் என்று குறைந்தபட்ச வருமானமும் நிர்ணயமானது. மூன்று வருஷம் முன்னால் பட்டனைப் பார்த்துப் பயந்த அதே மேயர் இப்போது கையெழுத்துப் போட்டார்.

உண்ணாவிரதம்

மெடாலியன் கடன் அப்படியே நின்றது. 2021இல் நகராட்சி 6.5 கோடி டாலரில் ஒரு நிவாரணத் திட்டம் அறிவித்தது. ஒரு டிரைவருக்கு 20,000 டாலர் மானியம். கூட்டமைப்பின் கணக்குப்படி ஓர் ஆளின் சராசரிக் கடன் 5 லட்சம் டாலருக்கு மேல். 85.5 கோடி வாங்கிக்கொண்டவர்கள் 6.5 கோடியைத் திருப்பித் தந்து பெரிய மனசு காட்டினார்கள்.

செப்டம்பர் 19 அன்று டிரைவர்கள் சிட்டி ஹால் வெளியே ராப்பகலாக உட்கார்ந்தார்கள். அக்டோபர் 20 அன்று உண்ணாவிரதம் தொடங்கியது. அறுபது எழுபது வயதுக்காரர்கள், சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள், வாழ்நாள் பூராவும் நேரத்துக்குச் சாப்பிட முடியாமல் ஓட்டியவர்கள். பட்டினியில் அவர்களுக்கு நல்ல அனுபவம் இருந்தது. பைரவி தேசாயும் சாப்பிடவில்லை. அஸ்டோரியாவின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர், சோஹ்ரான் மம்தானி என்கிற முப்பது வயது இளைஞர், அவரும் கூடவே உட்கார்ந்துவிட்டார். சினிமா இயக்குநர் மீரா நாயரின் மகன். நம் ஊரில் உண்ணாவிரதம் காலைச் சிற்றுண்டிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் முடிந்துவிடும் என்பதால், இது 15 நாள் நடந்தது என்பதை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நவம்பர் 3 அன்று நகராட்சி இறங்கிவந்தது. அதிக மெடாலியன் கடன்களை வைத்திருந்த மார்பிள்கேட் நிதி நிறுவனத்தோடு உடன்பாடு: கடன் 2 லட்சம் டாலராகக் குறையும், அதில் 30,000 நகராட்சியின் மானியம், மீதி 1,70,000க்கு நகராட்சியே ஜாமீன், மாதத் தவணை 1,122 டாலருக்கு மேல் போகாது. நகராட்சி ஜாமீன் நிற்பது நடக்கவே நடக்காது என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். 45 நாள் ரோட்டில் உட்கார்ந்ததும் நடந்துவிட்டது. அன்று டிரைவர்கள் ரோட்டிலேயே ஆடினார்கள். அப்போது கூடப் பட்டினி கிடந்த அந்தச் சட்டமன்ற உறுப்பினர் 2025 நவம்பர் தேர்தலில் ஜெயித்து இப்போது அந்த ஊருக்கு மேயர்.

நூற்றிச் சொச்சம் வருஷக் கணக்கை முடித்துப் பார்த்தால் தீர்ப்பு சுலபம். கேடட், தொழிலதிபர், முதலீட்டாளர், பார்ட்னர் என்று கொடுத்த பதவி ஒன்றிலாவது டிரைவருக்குப் பத்து பைசா கூடுதலாக வந்ததில்லை. வந்ததெல்லாம், ‘போங்கய்யா, நாங்கள் தொழிலாளிகள்’ என்று சொல்லிச் சேர்ந்து வண்டியை நிறுத்தியபோது வந்தது. உங்கள் வீட்டுக்கு ராத்திரி பத்து மணிக்குப் பிரியாணி கொண்டுவருகிற பையனையும் கம்பெனி ‘டெலிவரி பார்ட்னர்’ என்றுதான் அழைக்கிறது. அடுத்த தடவை கதவைத் திறக்கும்போது, போன வருஷ லாபத்தில் அவர் பங்கு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். அப்படியே ஒரு டம்ளர் தண்ணியும் கொடுங்கள். டாய்லெட் வேண்டுமா என்றும் கேளுங்கள்.